ஏழு நாற்பதுக்கு எடுத்த ஈசிஜி

– எட்டு நிமிஷம்.

– என்னது எட்டு நிமிஷம்?

– நீ கீழ கேட்டைத் திறந்ததுல இருந்து இந்தக் கதவைத் தட்டற வரைக்கும். ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். மூணு மாடி ஏற எட்டு நிமிஷமா?

– லிஃப்ட் ஓடலைங்க.

– லிஃப்ட் நின்னு ஆறு மாசம் ஆச்சு. போன மாசம் வரைக்கும் ரெண்டே நிமிஷத்துல வந்து நிப்பே.

– மணியெல்லாம் பார்த்து வெச்சிருக்கீங்க... சரி, நீங்க ஏன் இந்த நேரத்துல ஜன்னல்ல நிக்கறீங்க? நாலு மணிக்கு உங்க பஸ்ஸு மார்க்கெட் ஸ்டாப்புல இல்ல நிக்கணும்?

– பேச்சை மாத்தாத. ரெண்டாவது மாடில யாரோட நின்னு பேசிக்கிட்டு இருந்தே?

– யாரோடயும் இல்ல.

– அந்தத் தையல்காரன் ரெண்டாவது மாடிக்குக் கடையக் கொண்டு வந்ததுல இருந்து...

– ஐயே! அந்த மனுஷன் வாயில எப்பவும் நாலு குண்டூசி. வாயத் திறந்தா முழுங்கிடுவாரு. அவர்கிட்ட என்னத்தைப் பேசறது?

– அப்ப எதுக்கு நின்னே?

– நோட்டீஸ் போர்டைப் படிச்சேன். தண்ணி எப்ப வரும்னு எழுதிப் போட்டிருந்தாங்க.

– எப்ப வருமாம்?

– அதைக் கவனிக்கல.

– பார்த்தியா?

– என்னை விடுங்க. உங்க யூனிஃபார்ம் எங்க? காலைல போட்டுக்கிட்டுதானே போனீங்க?

– கொடில காயுது. தோச்சுட்டேன்.

– யாரு, நீங்களா? கல்யாணமாகி பதினேழு வருஷத்துல ஒரு கைக்குட்டை தோச்சதில்ல. என்ன நடக்குது இந்த வீட்ல?

– ஒண்ணும் நடக்கல. உக்காரு. தண்ணி குடி. மூச்சு வாங்குது உனக்கு.

– அதெல்லாம் வாங்கல.

– ... உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நீ ஈசிஜி எடுக்கறவ, உனக்குத் தெரியும். எங்க டிப்போல ஒருத்தனுக்கு, நெஞ்சுல ஃப்ளட்டர்னு சொல்லிட்டாங்க.

– ... யாரு சொன்னா, அந்த வார்த்தைய?

– டிப்போ டாக்டர். ஏன் உன் மூஞ்சி மாறுது?

– மாறல. வெயில்ல வந்தேன். அந்த ஒருத்தன் ஆம்பளையா, பொம்பளையா?

– என்ன கேள்வி இது! ஆம்பளதான். டிரைவரு.

– டிரைவரு... நிச்சயமா?

– நீ என்ன போலீஸ் ஸ்டேஷன்ல கேக்கற மாதிரி கேக்கற? கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஃப்ளட்டர்னா என்ன?

– இதயத்துல நாலு ரூம். மேல ரெண்டு, கீழ ரெண்டு. கரண்ட்டு வலது மேல் ரூம்ல ஒரு இடத்துல புறப்படும். மேல இருக்கற ரெண்டு ரூமையும் ஒரு தடவை சுருங்க வெச்சுட்டு, நடுவுல ஒரு கேட்டுல கொஞ்சம் நின்னு, கீழ இறங்கி முடிஞ்சுடும். அடுத்த துடிப்புக்கு மறுபடி புதுசா புறப்படணும்.

– டெர்மினஸ்ல இருந்து வண்டி எடுக்கற மாதிரி.

– ஆமா. ஃப்ளட்டர்ல வண்டி டெர்மினஸுக்கே போறதில்ல. வலது மேல் ரூம்ல ஒரு வால்வு இருக்கு. அதைச் சுத்தி ஒரு வட்டத்துல கரண்ட்டு மாட்டிக்கிட்டு, சுத்திக்கிட்டே இருக்கும்.

– ரிங் ரோடு.

– ரிங் ரோடேதான். ஸ்டாப்பே இல்லாத ரிங் ரோடு. நிமிஷத்துக்கு முன்னூறு சுத்து.

– முன்னூறா? எந்த டைம் கீப்பர் விட்டான் அதை?

– கேட்டுல இருக்கறவன் கொஞ்சம் புத்திசாலி. ரெண்டுக்கு ஒண்ணுதான் கீழ விடுவான். நாடி நூத்தம்பது அடிக்கும்.

– சரி, வலது ரூம்ல சுத்துது. இடது ரூம்? அது பாட்டுக்குச் சும்மா இருக்குமா?

– அதெப்படி இருக்கும்? ரெண்டுக்கும் நடுவுல சுவரு இருக்கு. ஆனா சுவரைத் தாண்ட அங்கங்க பாலம் இருக்கு. கூரைகிட்ட ஒரு தசைக் கட்டு, அது மேல் பாலம். கீழ பின்பக்கம் ஒரு ரத்தக்குழாய் ஓடுது, அதைச் சுத்தி இருக்கற தசை இன்னொரு பாலம். நடுச்சுவர்லயும் கொஞ்சம் வழி உண்டு. வலதுல ஒவ்வொரு சுத்து வரும்போதும் கரண்ட்டு பாலத்துல ஏறி இடதுக்குப் போயிடும்.

– எந்தப் பாலத்துல?

– பெரும்பாலும் கீழ் பாலத்துல முதல்ல ஏறும். அப்புறம் மேல் பாலத்துல. ரெண்டும் இடது ரூமுக்குள்ள எதிரெதிரா வந்து முட்டி அடங்கும். அடங்கறதுக்குள்ள அடுத்த சுத்து வந்துடும்.

– அப்ப இடது ரூம் மேல ஒரு தப்பும் இல்ல.

– ஒரு தப்பும் இல்ல. அதுக்குன்னு சொந்தமா ஒரு சுத்து கிடையாது. பக்கத்து ரூம் ஆடுது, இதுவும் கூட ஆடுது. ஆனா பாருங்க... ரத்தம் தேங்கிக் கட்டியாகறது மட்டும் பெரும்பாலும் அந்த இடது ரூம்லதான். அங்க காது மாதிரி ஒரு மடிப்பு இருக்கு. அதுல.

– இதென்ன அநியாயம்!... கட்டியானா?

– அங்க இருந்து கிளம்பினா மூளைக்குப் போகலாம். ஒரு பக்கம் கை கால் விழுந்துடும்.

– உயிரு?

– போகலாம்.

– ... அவனுக்கு ஒண்ணுமே தெரியாம இருக்குமா?

– சிலருக்குப் படபடன்னு வரும். சிலருக்கு நடந்தா ஏறினா மூச்சு வாங்கும். சிலருக்கு ஒண்ணுமே இருக்காது.

– சரி பண்ண முடியுமா?

– முடியும். ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை. அப்புறம் தொடை வழியா ஒரு ஒயரை உள்ள விட்டு, அந்த ரிங் ரோடுல குறுகலா ஒரு இடம் இருக்கு, அங்க சூடு வெச்சு மறிச்சுடுவாங்க. ரோடு மறிச்சா வண்டி நின்னுடும். முக்காவாசிப் பேருக்கு மேல நல்லாயிடும்.

– இவ்வளவு சுலபமா சொல்றே?

– சொல்றது சுலபம்தான். தினமும் நாலு பேருக்குச் சொல்றேனே.

– ம்.

– இப்ப நான் கேக்கறேன். டிப்போல யாரோ ஒருத்தனுக்காக நீங்க யூனிஃபார்ம் தோச்சுக் காயப் போட்டீங்களா? சட்டைப் பையில இருக்கறதை எடுங்க. நான் வந்ததுல இருந்து அதைக் கையால மூடிக்கிட்டே நிக்கறீங்க.

– அது டிப்போ லெட்டரு.

– லெட்டருக்குப் பின்னால இருக்கறதையும் எடுங்க. கட்டம் போட்ட ரோஸ் பேப்பரை எனக்குத் தெரியாதா?

– ... சரி. எனக்குத்தான். லைசென்ஸ் புதுப்பிக்க ஈசிஜி கேட்டாங்க. குடுத்தேன். டாக்டர் பார்த்த உடனே 'வண்டியத் தொடாதீங்க'ன்னுட்டாரு. பன்னண்டு மணிக்கே சாவிய வாங்கி வெச்சுக்கிட்டாங்க.

– குடுங்க.

– ரம்பப் பல்லு மாதிரி கோடு இருக்குன்னாரு. அதுவும் போதாதுன்னு, 'ஆரம்பத்துல கைய ஆட்டியிருக்கீங்க, அசையாம படுக்கணும்னு சொல்லலையா'ன்னு அதுக்கு வேற திட்டு.

– லைட்டைப் போடுங்க.

– பட்டப்பகல்ல எதுக்கு?

– போடுங்களேன்!

– போட்டாச்சு. ஏன் கத்தற?

– ... இது எங்கிருந்து கிடைச்சுது உங்களுக்கு?

– கிடைச்சுதுன்னா? எடுத்தேன். உங்க சென்டர்லதான். சீல் இருக்கு பாரு.

– எங்க சென்டர்ல ஈசிஜி எடுக்கறது நான் ஒருத்திதான். நான் உங்களுக்கு எடுத்தேனா?

– நீ சாப்பிடப் போயிருந்தே. அந்த நர்ஸம்மா எடுத்தாங்க.

– நர்ஸம்மாவுக்கு எந்த கிளிப்பு எந்தக் கைன்னே தெரியாது. கைய நீட்டுங்க.

– எதுக்கு?

– நாடி பார்க்கறேன். பேசாதீங்க... எழுபத்திரண்டு. கடிகாரம் மாதிரி அடிக்குது.

– சில நேரம் வரும், சில நேரம் போகும்னு டாக்டரே...

– மூலைல சின்னதா அச்சாகியிருக்கு, பார்த்தீங்களா? மெஷின் தானா போடறது. பதினாலாம் தேதி, காலை ஏழு நாப்பது. நான் மத்தியானம் சாப்பிடப் போறவ. ஏழு நாப்பதுக்கு நீங்க எங்க இருந்தீங்க? முதல் ட்ரிப்புல பஸ்ஸோட ஆத்துப் பாலத்து மேல இருந்திருப்பீங்க. அறுபது பேரு சாட்சி.

– சரி, விடு.

– விட மாட்டேன். யாரு குடுத்தா? உங்ககிட்ட யாராவது ஏதாவது சொன்னாங்களா? என்கிட்ட இருந்து என்னமோ வரவழைக்கத்தானே இதை நீட்டறீங்க?

– என்ன வரவழைக்கணும் உன்கிட்ட இருந்து? நானே மாட்டிக்கிட்டு முழிக்கறேன்! திருடினேன். போதுமா? உன் டப்பால இருந்து திருடினேன்.

– ... எப்ப?

– போன வாரம் குடை குடுக்க வந்தேனே, அன்னிக்கு. கேட்டுல வாட்ச்மேன் கூட இல்ல, டீக்குப் போயிருந்தான் போல. நீ உள்ள ஒரு கிழவருக்கு கிளிப் மாட்டிக்கிட்டு இருந்தே. டப்பா மேஜைல இருந்துச்சு, சீலும் பக்கத்துலயே இருந்துச்சு. ஒரு குத்து குத்தி, என் பேரை எழுதிக்கிட்டேன்.

– ஏங்க இப்படிப் பண்ணினீங்க?

– பயம்டி. எங்க அண்ணனை வண்டில இருந்து எப்படி இறக்கினாங்க? இருபத்திரண்டு வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டினவரு. ஒரே ஒரு ஈசிஜி பேப்பரு. இன்னிக்கு அதே டிப்போல டயருக்குக் காத்தடிச்சுக்கிட்டு இருக்காரு. அவரு ரத்தம்தானே எனக்கும்? என் நெஞ்சுல என்ன இருக்கோன்னு பயம்.

– உங்க நெஞ்சுல ஒரு மண்ணும் இல்ல. நீங்களே வந்து படுத்திருந்தா ரெண்டு நிமிஷத்துல நல்ல பேப்பரு வாங்கிட்டுப் போயிருக்கலாம்.

– அது இப்பத்தானே தெரியுது! நீதான் வீட்ல பெருமையா சொல்லுவே. தினமும் காலைல மெஷின் சரியா ஓடுதான்னு பார்க்க வாட்ச்மேன் பயில்வானைப் படுக்க வெச்சு ஒண்ணு எடுப்பேன், பேரு போடாம டப்பால போடுவேன்னு. 'எங்க வாட்ச்மேன் நெஞ்சு காளைமாட்டு நெஞ்சு'ன்னு. சரி, காளைமாட்டு நெஞ்சையே குடுப்போம்னு...

– அந்த டப்பால நூறு பேப்பர் இருக்குமே. இதை எப்படி எடுத்தீங்க?

– மேல இருக்கறதை எடுத்தா நேத்து பேப்பரைக் காணோம்னு கண்டுபிடிச்சுடுவே. அதான் அடியில கைய விட்டு ஒண்ணை உருவினேன்.

– அடியிலயா?

– அடியிலதான். ஏன் சிரிக்கற?

– சிரிக்கல. என்ன மூளை உங்களுக்கு!

– கிண்டல் பண்ணாத. நாலு மணி நேரமா இந்த ஜன்னல்ல நின்னு நான் என்னைப் பத்தி யோசிக்கல தெரியுமா? அந்தப் பயில்வானைப் பத்தித்தான். அவனுக்குத் தெரியவே தெரியாது. மீசைய முறுக்கிக்கிட்டு கேட்டுல உக்காந்திருக்கான். உள்ள ரிங் ரோடு சுத்திக்கிட்டு இருக்கு.

– அவனுக்கு ஒண்ணும் ஆகாது.

– இப்பத்தானே கை கால் விழுந்துடும்னே?

– நான் பார்த்துக்கறேன். நீங்க இதுல தலையிடாதீங்க. பொண்ணு ஆறு மணிக்கு வந்துடுவா, அவகிட்ட இதெல்லாம் பேச வேணாம்.

– இரு இரு. எனக்கு ஒண்ணு இடிக்குது.

– என்ன?

– இந்தப் பேப்பரை எடுத்தது நீ. டிப்போ டாக்டர் மூணு செகண்டுல கண்டுபிடிச்சாரு. பன்னண்டு வருஷமா இதையே பார்க்கற உன் கண்ணுல படாம இருந்திருக்குமா? பட்டிருக்கு. பார்த்திருக்கே. பார்த்துட்டு மத்த பேப்பருக்கெல்லாம் அடியில கொண்டு போய்த் திணிச்சிருக்கே. அதான் அடியிலயான்னு கேட்டே.

– கொஞ்சம் மெதுவா பேசுங்க.

– நான் திருடினேன், சரி. நான் மோசம். நீ? ஒரு மனுஷன் உயிரை டப்பாக்குள்ள போட்டு மூடி வெச்சிருக்கே! தேதி பார்த்தா மூணு வாரம் ஆகுது. ஏன் சொல்லல?

– பயமா இருந்துச்சு.

– உனக்கு என்ன பயம்? தினமும் நாலு பேருக்குச் சொல்றவளுக்கு?

– அந்த நாலு பேரும் வேற யாரோ.

– பயில்வான் மட்டும் உனக்கு என்ன மாமனா மச்சானா? நாளைக்குக் காலைல நான் டிப்போக்குப் போறேன். இது என்னுது இல்ல, திருடினதுன்னு சொல்லிடப் போறேன்.

– பைத்தியமா? வேலைய விட்டே தூக்கிடுவாங்க. பேசாம இருந்தா மறுபடி ஒரு ஈசிஜி எடுக்கச் சொல்லுவாங்க. உங்களுக்கு நானே எடுத்துத் தர்றேன். நல்லாத்தான் வரும்.

– எனக்கு நல்லா வரும். அவனுக்கு? என் பேருக்கு மாத்திரை எழுதிக் குடுத்திருக்காரு டாக்டர். யாரு அதை முழுங்கறது? முழுங்க வேண்டியவன் எங்கயோ விழுந்து கிடப்பான், நான் ஸ்டீயரிங் பிடிச்சுக்கிட்டு ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போவேனா?

– ... வேலை போனாலும் பரவாயில்லையா?

– போகட்டும். அண்ணனோட சேர்ந்து காத்தடிக்கறேன். முதல்ல அவனைப் பிடிச்சு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். வரமாட்டேன்னா தூக்கிட்டுப் போறேன்.

– அந்த ஒயரு, சூடு எல்லாம் கேட்டா யாருக்கும் பயம் வரும். உள்ள கூட்டிட்டுப் போனப்புறம் எழுந்து ஓடி வந்துடுவாங்க சில பேரு.

– ஓட விட மாட்டேன். கட்டில் பக்கத்துலயே நிப்பேன். கதவுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினா இந்தப் பக்கம் நிப்பேன். முடிஞ்சு கண்ணைத் திறக்கற வரைக்கும் ஒரு அடி நகர மாட்டேன்.

– நிப்பீங்களா?

– என்ன இப்படிக் கேக்கற? நிப்பேன்.

– சத்தியமா?

– அட, சத்தியமா! ஏன் உன் கண்ணு கலங்குது? பயில்வானுக்கா?... நீ சரியில்ல இன்னிக்கு. இரு, முதல்ல அவனுக்கு போன் போடறேன். நம்பர் என்கிட்ட இருக்கு.

– போடாதீங்க.

– ஏன்?

– அவன் மக வீட்டோட இருக்கப் போயிட்டான். ஊரை விட்டுப் போயே ரெண்டு மாசமாச்சு.

– ரெண்டு மாசமா? இது எடுத்து மூணு வாரம்தானே ஆகுது?

– ஆமா.

– புது வாட்ச்மேன்?

– இன்னும் வெக்கல.

– டாக்டரு?

– பத்து மணிக்கு வருவாரு.

– நர்ஸம்மா?

– ஒன்பதுக்கு.

– அப்ப ஏழு நாப்பதுக்கு சென்டரைத் திறந்து வெச்சுக்கிட்டு... உன்னைத் தவிர அங்க யாருமே இல்ல.

– இல்ல.

– ... ரெண்டாவது மாடில நீ நோட்டீஸ் படிக்கல.

– இல்ல.

– பதினேழு வருஷம்! பக்கத்துல படுத்திருக்கறவன்கிட்ட சொல்லத் தோணலையா உனக்கு?

– அறுபது பேரை ஏத்திக்கிட்டுப் போறவர்கிட்ட எப்படிங்க சொல்றது? என் நெஞ்சை நெனைச்சுக்கிட்டே பிரேக் போடுவீங்க. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... சில நாள் கோடு நல்லா வரும். போயிடுச்சுன்னு நெனைச்சுப்பேன். மறுநாள் மறுபடி ரம்பம்.

– இரு... இல்ல. டாக்டர் சொன்னாரே, எடுக்கும்போது அந்த ஆளு கைய ஆட்டியிருக்கான்னு. நீ எடுத்தா யாரையும் ஒரு விரல் அசைய விட மாட்டே. அதெப்படி உன் ஈசிஜில கை ஆடும்? சொல்லு, நீ இல்ல அதுன்னு சொல்லு...

– தானே கிளிப்பு மாட்டிக்கிட்டு, தானே படுத்துக்கிட்டு, எட்டி அந்தப் பட்டனை அமுக்கிப் பாருங்க... யாருக்குங்க கை ஆடாது?